மரைக்குக் கூட்டிய வளவு

எனது சம்பளமில்லா லீவு முடிய ஒரு வருடம் இருந்தபோது, என்னை மெல்பனில் நிறுத்தி வைப்பதற்காக ஒரு மரையைச் சுடுவது என்று என் கணவர் முடிவு செய்தார். இன்று சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள். நான் அன்று சிரிக்கவில்லை. எதைக் கண்டாலும் எரிச்சல் வருகிற காலம் அது.

யாழ்ப்பாணத்தில் ஒரு பெண்கள் பாடசாலையில் நான் புவியியல் படிப்பித்துக்கொண்டிருந்தேன். எழுபதுகளின் நடுப்பகுதியில் என் கணவருக்கு மெல்பனில், ரயில் பெட்டி கட்டும் தொழிற்சாலை ஒன்றில் படம் வரைகிற வேலை கிடைத்தது. அவர் தங்குவதற்கென்று வந்தார். நான் இரண்டு வருட லீவு எடுத்துக்கொண்டு பார்ப்பதற்கென்று வந்தேன். மார்கழியோடு லீவு முடியும். தை மாதம் பாடசாலை தொடங்கும்போது நான் வகுப்பில் நிற்கவேண்டும், இல்லாவிட்டால் வேலை போய்விடும். இங்கே என் சான்றிதழை மதிக்க ஆளில்லை. விண்ணப்பித்த இடமெல்லாம் அன்பாகப் பேசினார்கள், அன்பாகவே வாசல்வரை கொண்டுவந்து விட்டார்கள். அங்கே போனால் நான் ஒரு ரீச்சர், இங்கே இருந்தால் ஒரு படவரைஞரின் மனைவி. இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

கிளென் வேவர்லிக்குப் போகும் ரயில் பாதையோரம் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். அவர் வேலைக்குப் போனதும் வீட்டில் இருந்த கதிரைகளைச் சன்னலுக்குக் கிட்ட இழுத்துப் போடுவேன். மத்தியானம் அவற்றைச் சுவருக்குக் கிட்டத் திரும்ப இழுப்பேன். நேற்றுக் கழுவிய திரைச்சீலையை இன்றும் கழுவுவேன். அதற்கு மேலும் பொறுக்க முடியாவிட்டால் ரயிலேறிப் பாதை முடிகிற இடம்வரை போய், இறங்காமல் அதே பெட்டியில் திரும்பி வருவேன். இப்போது அந்தப் பக்கத்தில் வீடு வாங்குவதற்கு எங்கள் ஆட்கள் போட்டி போட்டு அடிபடுகிறார்கள், பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்காக. நான் அப்போது அங்கிருந்து ஓடுவதற்கு நாள் எண்ணிக்கொண்டிருந்தேன்.

மரைக் கதை வந்த விதம் இது. கல்யாணம் முடித்த புதிதில், எங்கள் பாடசாலையில் படிப்பித்த வன்னி ரீச்சர் ஒருவர் மரை வத்தல் கொஞ்சம் கொண்டுவந்து தந்தார். மரை என்றால் பெரிய மான், தமிழ்நாட்டில் மிளா என்றும் கடமான் என்றும் சொல்வார்கள். அதன் இறைச்சியை உப்பும் மஞ்சளும் போட்டுக் காயவைத்து எடுத்த வத்தல். அதைப் பொரித்துச் சாப்பிட்டுவிட்டு, இப்படி ஒரு இறைச்சியை நான் என் வாழ்க்கையில் சாப்பிட்டதில்லை என்று சொன்னேனாம். வத்தலின் ருசி நினைவிருக்கிறது, அப்படிச் சொன்னது நினைவே இல்லை. அவர் அதை மனதில் முடிந்து வைத்திருந்திருக்கிறார்.

தொழிற்சாலையில் அவரோடு நல்ல பழக்கமாக இருந்தவர் ஒரு வெல்டர். உயரமான, சத்தமாகச் சிரிக்கிற வெள்ளைக்காரர். மெல்பனுக்குக் கிழக்கே, வார்பர்ட்டனுக்கும் அப்பால் உள்ள மலைகளில் மான் வேட்டைக்குப் போகிறவர். அவர் சொன்ன செய்தியைக் கேட்டுவிட்டு வந்த அன்று, என் கணவர் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் குசினிக்குள் வந்து நின்றார்.

"இஞ்சரும், இஞ்ச மரை இருக்காம். எங்கட மரை. நூறு வருசத்துக்கு முந்தி சிலோனிலையும் இந்தியாவிலையும் இருந்து கப்பல்லை கொண்டந்து காட்டிலை விட்டவங்களாம். இப்ப மலை முழுக்க அதுகள்தானாம்."

"அதுக்கு இப்ப என்ன?"

"அதுகள் ஒண்டும் திரும்பிப் போகேல்லைத்தானே."

"அதுகளுக்கு லீவு முடியேல்லை," என்றேன் நான்.

அவர் தேத்தண்ணீரைக் குடித்தார். விரல்கள் மேசையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தன. அவருக்கு மனதில் ஒன்று புகுந்தால் முதலில் விரல்தான் காட்டிக்கொடுக்கும்.

வெல்டருக்கு அந்த மலைப்பக்கத்தில் தகப்பன் விட்டுப்போன காணி ஒன்று இருந்தது. தகப்பன் மரம் வெட்டியவர். பெரிய மரங்களை எல்லாம் தறித்து ஆலைக்கு ஏற்றிவிட்டு, மிச்சத்தை அப்படியே விட்டுப்போயிருந்தார். வெல்டர் ஓர் ஏற்பாடு சொன்னார். நாங்கள் அந்தக் காணியைக் கவனித்து, பழைய பாதைகளைத் திறந்து, முட்பற்றைகளை அடக்கி வைத்தால், அதில் வேட்டையாடலாம், தகரக் கொட்டிலில் தங்கலாம். அன்றைக்கே இவர் ஓமென்று கை கொடுத்துவிட்டார். வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்டுக்கொள்வது என்று நாங்கள் சொல்வது இதைத்தான்.

தை மாத வெயிலில் முதல் தடவை போனோம். அதைக் காணி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வீட்டு அறை அளவுக்குப் பெரிய அடிக்கட்டைகள், தறித்துப்போட்ட மரத்தலைகள் குறுக்கும் நெடுக்குமாக, அவற்றுக்கு மேலே ஆளுயரத்துக்குப் பன்னம் என்கிற பெரணிச் செடி, இங்கத்தைய வேல மரமான வாட்டிலின் கன்றுகள், எல்லாவற்றையும் பிடித்து இறுக்கிக்கொண்டு பிளாக்பெரி முள். மரக்கட்டைகளை இழுத்துப்போன பழைய பாதை ஒன்று அதற்குள்ளே எங்கேயோ கிடந்தது. மேற்பக்கத்தில் ஒரு பள்ளம், அதற்குள் சூரியனே போகாது. ஒரு கன்றின் பட்டையைக் கொம்பு உரசி உரித்திருந்ததை வெல்டர் காட்டினார். சேற்றில் குளம்படி இருந்தது. என் காலில் அட்டை இருந்தது.

"பகலிலே அவை அடர்த்திக்குள் படுத்திருக்கும்," என்று வெல்டர் சொன்னார். "காலையும் மாலையும் ஓரத்துக்கு வந்து மேயும். இங்கொன்று அங்கொன்றாகக் கொஞ்சம் திறந்துவிட்டால் போதும்."

அவர் ஆங்கிலத்தில் சொன்னது அவ்வளவுதான். என் கணவரின் காதில் விழுந்தது 'திறந்துவிட்டால்' என்பது மட்டும்.

மெல்பனில் எங்களுக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பங்களை அப்போது ஒரு வான் வண்டிக்குள் ஏற்றிவிடலாம். இவர் எல்லோருக்கும் போன் எடுத்து, பங்குனி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கூடி உழைக்கிற சிரமதானம் என்றார். மெல்பன் சனம் இப்போது போகிற கேரம் டவுன்ஸ் கோயில் எழும்புவதற்கு இன்னும் பல வருடங்கள் இருந்தன. சாமி படங்கள் எங்கள் குசினி அலுமாரிக்குள் இருந்தன. கூட்டுவதற்கு ஒரு வீதியோ, கூடுவதற்கு ஒரு மடமோ இல்லாமல் கை ஊறிப்போயிருந்த சனம், காட்டு வேலை என்றதும் தேருக்கு வருவதுபோல வந்து இறங்கியது. டொக்டர் ஒருவர் வெள்ளைச் சேட்டோடு வந்தார். பெண்கள் இடியப்பமும் சம்பலும் கட்டிக்கொண்டு வந்தார்கள்.

அன்று நடந்ததைப் பார்த்திருக்கவேண்டும். முதலில் பாதையைத் திறந்தார்கள், அது சரி. பிறகு பாதையின் இரண்டு பக்கத்தையும் திறந்தார்கள். பிறகு, "இந்த மூலை மட்டும் ஏன் ஊத்தையாக் கிடக்குது?" என்று யாரோ கேட்டார்கள், அந்த மூலையும் போயிற்று. பன்னம் போயிற்று, முள் போயிற்று, வாட்டில் கன்றுகள் போயின. மரத்தலைகளை இழுத்துக் குவித்தார்கள். அதோடும் நிற்கவில்லை. விழுந்து கிடந்த சருகைக் கூட்டினோம். கூட்டினோம் என்றுதான் சொல்லவேண்டும், ஏனென்றால் தடி ஒன்றில் குழை கட்டி முதலில் கூட்டத் தொடங்கியது நான். மாதக்கணக்காக வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்த கைக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. ஈரம் இருந்தபடியால் குவியல்களுக்கு நெருப்பு வைத்தோம். புகைக்குள் நின்று எல்லோரும் இடியப்பம் சாப்பிட்டோம்.

யாழ்ப்பாணத்து ஆட்கள் ஒரு காணியைத் துப்புரவாக்கிவிட்டு வேலி அடைக்காமல் வீட்டுக்குப் போனதாக நான் கேள்விப்பட்டதில்லை. டொக்டர் நூல் பிடித்து எல்லை பார்த்தார்.

"மூண்டு பக்கமும் அரசாங்கக் காடு. ஆரிட்டையிருந்து காக்கப் போறியள்?" என்று நான் கேட்டேன்.

"எல்லை எண்டு ஒண்டு தெரியவேணும், தங்கச்சி. நாளைக்கு ஆரும் வந்து கதைக்கக்கூடாது," என்றார் டொக்டர்.

வாட்டில் தடிகளை வெட்டி, கதியால் போல வரிசையாக நட்டார்கள். ஊரில் பூவரசந்தடியை நட்டால் துளிர்த்து மரமாகி வேலியைத் தாங்கும். அந்தப் பழக்கத்தில், வாட்டிலும் துளிர்க்கும் என்று நம்பி ஒவ்வொன்றுக்கும் வாளியில் தண்ணீர் வேறு ஊற்றினார்கள். அவற்றில் கம்பி இழுத்துக் கட்டினார்கள். மேற்பக்கத்துப் பள்ளத்தில் கை வைக்கப்போகிற நேரம் பெரிய மழை வந்தது. இல்லாவிட்டால் அதுவும் அன்றோடு முடிந்திருக்கும்.

அடுத்த கிழமை வெல்டர் வந்து பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். "விமானம் ஏதும் இறக்கப்போகிறாயா?" என்று கேட்டார். பிறகு வேலியைப் பார்த்து, "இது மானை உள்ளே வைக்கவா, வெளியே வைக்கவா?" என்று கேட்டுவிட்டு அந்தப் பெரிய சிரிப்பைச் சிரித்தார். என் கணவரும் கூடச் சிரித்தார். காரில் திரும்பி வரும்போது ரேடியோவைச் சத்தமாகப் போட்டார்.

மரை வரவில்லை. சித்திரை போனது, வைகாசி போனது. ஒவ்வொரு சனிக்கிழமையும் இருட்டோடு எழும்பிப்போய், அந்த மொட்டை வெளியின் நடுவில் ஓர் அடிக்கட்டையில், வெல்டர் கொடுத்த பழைய துவக்கை மடியில் வைத்துக்கொண்டு இருந்துவிட்டு வந்தார். நாலு மலைக்கு அப்பால் நிற்கிற மிருகத்துக்கும் அவர் தெரிந்திருப்பார். கதியால் ஒன்றும் துளிர்க்கவில்லை. நான் ஊருக்குப் போக மார்கழிக்கு விமானச் சீட்டுப் பதிந்துவிட்டேன். அதைச் சொன்னபோது, "நல்லது," என்றார். மேசையில் விரல் தாளம் போட்டது.

எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பாவமாக இருப்பது கோபத்தையும் கிளப்பியது. எதற்கெடுத்தாலும் சண்டை பிடித்தேன். கறிக்கு உப்பு என்றால் சண்டை, ரேடியோ என்றால் சண்டை. போகாதேயும் என்று இந்த மனிதன் ஒரு சொல் சொன்னால் என்ன? சொன்னால் நான் மாட்டேன் என்பேன், அது வேறு கதை. சொல்லவேண்டாமா? அதை விட்டுவிட்டு மலையில் போய்க் கட்டையில் குந்தியிருந்தால் ஆருக்கு விளங்கும்? ஆனால் எனக்கு விளங்கத்தான் செய்தது. அதுதான் இன்னும் எரிச்சல்.

ஆனி மாதக் குளிரில் ஒரு சனிக்கிழமை, வீட்டுச் சுவர்கள் கிட்ட வருவதுபோல இருந்தபடியால் நானும் கூடப் போனேன். அவர் கட்டையில் குந்தினார். என்னால் குந்தியிருக்க ஏலாது. சாரத்தைப் போல ஒரு பழைய கம்பளியை இடுப்பில் சுற்றிக்கொண்டு வேலியோரமாக நடந்தேன். மேற்பக்கத்துப் பள்ளத்துக்குக் கிட்ட நின்ற கதியால் ஒன்று சாய்ந்து நின்றது. அதன் பட்டை உரிந்திருந்தது. கம்பியில் கபில நிற மயிர் சிக்கியிருந்தது. நாங்கள் தண்ணீர் ஊற்றி நட்ட தடியில் மரை வந்து கொம்பு தேய்த்துவிட்டுப் போயிருக்கிறது.

அந்த இடத்திலேயே குந்திப் பார்க்கத் தொடங்கினேன். குளம்படி பள்ளத்துக்குள்ளிருந்து வந்தது. பற்றை முடிகிற ஓரத்தோடு ஓரமாகப் போனது. எங்களுடைய துப்புரவான வளவுக்குள் சில அடி வைத்துவிட்டுத் திரும்பியிருந்தது. நாங்கள் எரித்த குவியல்களின் சாம்பலில் மழைக்குப் பச்சை முளை வந்திருந்தது. பள்ளத்துக்குப் பக்கத்துக் குவியல்களில் முளையெல்லாம் கறம்பிக் கிடந்தது. நடுவில் இருந்தவற்றில் ஒரு வாய்கூட வைக்கவில்லை. ஒன்றரை வருடமாகத் தூங்கிக்கிடந்த ரீச்சர் எனக்குள்ளே துள்ளி எழும்பினாள். நான் சத்தம்போட்டுக் கூப்பிட்டேன். வேட்டையில் சத்தம் போடக்கூடாது என்பதெல்லாம் எனக்கு நினைவில் வரவில்லை.

"இஞ்சேருங்கோ, இதைப் பாருங்கோ. அது பக்கத்திலைதான் இருக்குது. சாப்பாடும் எங்கட காணியிலைதான். ஆனா வெளியிலை வந்து நிக்க அதுக்கு ஒளிப்பிடம் இல்லை. பொம்பிளை பார்க்க வாற ஆக்களுக்கு முற்றம் கூட்டினமாதிரி எல்லோ கூட்டி வைச்சிருக்கிறியள்!"

"நீரும்தானே கூட்டினீர்," என்றார் அவர்.

அன்று பின்னேரம் தகரக் கொட்டிலில் அவருடைய படம் வரைகிற தாள் ஒன்றைப் பறித்து, காணியின் படத்தைப் போட்டேன். சரிவு எந்தப் பக்கம், காலை வெயில் எங்கே விழும், காற்று எங்கிருந்து வரும், எல்லாம் போட்டேன். மேற்பக்கத்துப் பள்ளத்தில் ஒருவரும் கை வைக்கக்கூடாது. நடுப்பாதையில் புல் விதைத்து, மான் மேய்கிற அளவுக்குக் குட்டையாக வைத்திருக்கவேண்டும். மிச்சச் சரிவை மூன்று துண்டாகப் பிரித்தேன். ஒரு வருடத்தில் ஒரு துண்டைத்தான் வெட்டுவது, மற்ற இரண்டையும் வளரவிடுவது. வெட்டிய துண்டில் இளங்குருத்து வரும், பக்கத்துத் துண்டில் ஒளிப்பிடம் இருக்கும். அடுத்த வருடம் அடுத்த துண்டு. எரிக்காமல் மிஞ்சிய மரத்தலைகளை இழுத்து அங்கங்கே போடவேண்டும். வேலிக் கம்பி முழுவதையும் கழற்றவேண்டும்.

"டொக்டர் என்ன சொல்லுவார்?" என்று கேட்டார் என் கணவர். அவருக்கு அதுதான் கவலை.

வெல்டர் அந்தப் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மான் தன் இஷ்டத்துக்குப் போகும், தன் இஷ்டத்துக்கு வரும், படம் கீறி அதைக் கூப்பிட முடியாது என்றார். ஆனாலும் பற்றை வெட்டுகிற நீண்ட கைப்பிடிக் கத்தி ஒன்றை எனக்கென்று கொண்டுவந்து தந்தார்.

அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமையும் நான் தவறவில்லை. அமைதி வந்தது என்று சொன்னால் அது பொய். கிழமை நாட்களில் இன்னும் மோசமாக இருந்தேன். புதன்கிழமை மழை பெய்தால் விதைத்த புல் முளைத்திருக்குமா என்று நிலைகொள்ளாமல் அறைக்கு அறை நடப்பேன். காற்றடித்தால் எந்த மரம் பாதையில் விழுந்ததோ என்று இருக்கும். சனிக்கிழமை போய் இறங்கியதும் அவர் துவக்கை எடுப்பதற்கு முன் நான் கத்தியோடு போய்விடுவேன். பிளாக்பெரி முள் கீறிய கையோடு கடைக்குப் போனால், காசு வாங்குகிற பெண் பூனை வளர்க்கிறாயா என்று கேட்பாள். இதற்கிடையில் ஊருக்குப் போவதற்கான ஆயத்தங்களும் நடந்துகொண்டிருந்தன. அதிபருக்குத் தை மாதம் வந்துவிடுவேன் என்று எழுதிப் போட்டேன். அறை மூலையில் சூட்கேஸ் திறந்தபடி கிடந்தது. உடன் படிப்பித்த ரீச்சர்மாருக்கு வாங்கிய கம்பளிச் சால்வைகள் அதற்குள் இருந்தன. யாழ்ப்பாணத்து வெயிலுக்குக் கம்பளிச் சால்வை எதற்கு என்று அவர் கேட்கவில்லை.

புரட்டாதியில் அங்கே வசந்தம். எரித்த இடமெல்லாம் வாட்டில் விதை வெடித்து, கன்றுகள் முழங்காலுக்கு வந்துவிட்டன. நடுப்பாதை பச்சையாகக் கிடந்தது. அதில் புதுக் குளம்படி ஒவ்வொரு கிழமையும் கூடிக்கொண்டு போனது. ஒரு சனிக்கிழமை விடிகிற நேரம் இவரும் வெல்டரும் காற்றுக்கு எதிர்ப்பக்கமாகச் சுற்றி, நான் காட்டிய மரத்தலைக்குப் பின்னால் போய் இருந்தார்கள். நான் கொட்டிலில் தேத்தண்ணீர் வைத்தேன். ஒரு வெடிச்சத்தம் கேட்டது, ஒன்றுதான். கொஞ்சத்தில் இவர் சரிவில் தடக்கி விழுந்து எழும்பி ஓடிவந்தார். கையிலும் சேட்டிலும் இரத்தம். முகத்தில் அப்படி ஒரு சிரிப்பைக் கல்யாண வீட்டில்கூட நான் கண்டதில்லை.

"விழுந்திட்டுது! இளங்கொம்பன். நீர் சொன்ன இடத்திலை, பாதைக்கு வந்து மேஞ்சுகொண்டு நிண்டது."

"இண்டைக்கு என்ன கிழமை?" என்று கேட்டேன்.

"சனி."

"என்ன மாசம்?"

அவருடைய சிரிப்பு அப்படியே நின்றது. புரட்டாதிச் சனி. நான் விடியவே கொட்டிலுக்குள் எள்ளெண்ணெய் விளக்கு வைத்துச் சனீஸ்வரனைக் கும்பிட்டிருந்தேன். எங்கள் இரண்டு பேருக்கும் அன்று விரதம், மரக்கறிதான். வழமைபோல வெறுங்கையோடுதான் வருவார் என்று நான் அவரைத் தடுக்கவில்லை. மாதக்கணக்காக ஒரு மரைக்குப் பாடுபட்ட மனிதர், அதைச் சனியன் பிடித்த நாளில், மன்னிக்கவேண்டும், சனி பகவானின் நாளில் சுட்டிருந்தார். வெல்டருக்கு இதை விளங்கப்படுத்த எங்களால் முடியவில்லை. ஒரு முழு மானை உரித்துத் தொங்கவிட்டுவிட்டு, அதற்குப் பக்கத்தில் இரண்டு பேர் பருப்பும் சோறும் சாப்பிடுவதை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். ஈரலைப் பொரித்துத் தனியாகச் சாப்பிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் சமைத்தேன். ஊரிலிருந்து பார்சலில் வந்த தூளைப் போட்டு, காய்ந்த தேங்காய்ப்பூவை ஊறவைத்துப் பால் பிழிந்து, கறிவேப்பிலை இல்லாத குறையோடு ஒரு பெரிய சட்டி நிறையக் கறி. சிரமதானத்துக்கு வந்த சனம் முழுவதும் வந்தது. டொக்டர் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். எல்லோரும் ஆகா என்றார்கள். என் கணவர் சோற்றுக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, வாயில் ஒன்றும் வைக்காமல், என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

என்னால் பொய் சொல்ல முடியவில்லை. "நல்லாயிருக்கு," என்றேன். "ஆனா அந்த வத்தல்மாதிரி இல்லை."

அவர் தலையாட்டினார். பிறகு குனிந்து சாப்பிட்டார். சனம் போனபிறகு குசினிக்குள் வந்து, நான் மறிக்க மறிக்க அந்தப் பெரிய சட்டியைத் தானே கழுவினார். கழுவிக்கொண்டே, முகத்தைத் திருப்பாமல் சொன்னார்.

"நான் நினைச்சது பிழை. நீர் போம். ரீச்சர் வேலையை விடுறது சரியில்லை. நான் வந்து ஏத்திவிடுறன்."

நான் அதைத்தானே கேட்டுக்கொண்டிருந்தேன்? கேட்டது கிடைத்ததும் எனக்கு அழுகை வந்தது. ஏன் வந்தது என்று விளங்காமல், சட்டியை ஒழுங்காகக் கழுவவில்லை என்று அவரோடு சண்டை பிடித்தேன்.

அதற்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் மரியாதையாக இருந்தோம். அது சண்டையைவிட மோசம். அவர் துவக்கை வெல்டரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார். சூட்கேஸ் நிரம்பி, மூடி, கயிறு கட்டியாயிற்று. கார்த்திகை கடைசியில் ஒரு சனிக்கிழமை, காணியை ஒருக்கால் பார்த்துவிட்டு வருவோம் என்று நான்தான் சொன்னேன். எது எங்கே என்று அவருக்குக் காட்டிக் கொடுக்கவேண்டும், பிறகு அவர் தனியாகத்தானே பார்க்கப்போகிறார்.

வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. நான் கொட்டிலில் சாமான்களை ஒதுக்கிவிட்டு வெளியே வந்தபோது அவர் நீண்ட கத்தியோடு சரிவில் நின்றார். நடுத்துண்டில் வாட்டில் கன்றுகள் இடுப்பளவுக்கு வந்து, அவற்றுக்குள் பன்னம் நெருங்கி, அவ்வளவு அழகாக அடர்ந்து நின்றது. அவர் கத்தியை ஓங்கினார்.

"அதிலை கை வைக்காதேங்கோ!" பள்ளத்துக்குள்ளிருந்து பறவைகள் எழும்பிப் பறக்கும்படி கத்தினேன். செருப்போடு சரிவில் இறங்கி ஓடினேன். "உங்களுக்கென்ன விசரே? இது இந்த வருசத்துத் துண்டில்லை. இப்ப வெட்டினா அதுகள் எங்க படுக்கிறது? இது வாற சித்திரைக்கு. முதல் மழை பெய்யட்டும், நான் வந்து முளையைப் பாத்துச் சொல்லுறன், அதுக்குப் பிறகு கத்தியைத் தொட்டாப் போதும்."

அவர் கத்தியை மெதுவாகக் கீழே வைத்தார். நெற்றி வியர்வையைத் துடைத்தார்.

"சித்திரையிலை நீர் அங்க வகுப்பிலை எல்லோ நிப்பீர்," என்றார்.

நான் சொன்னது அப்போதுதான் என் காதிலும் விழுந்தது. வகுப்பு கண்ணுக்குள் வந்தது, கரும்பலகை வந்தது, என் மேசை வந்தது. அவற்றை விடுவது லேசான காரியமில்லை, இன்றுவரை அது எனக்கு ஒரு நோவுதான். ஆனால் இந்த நடுத்துண்டை இவர் கையில் விட்டுவிட்டுப் போய், அங்கே கரும்பலகைக்கு முன்னால் நின்று, இங்கே மழை பெய்ததா என்று யோசித்துக்கொண்டிருக்கப்போகிறவளும் நான்தான் என்று தெரிந்தது.

"உங்களை நம்பி விட்டிட்டுப் போனா," என்றேன், "திரும்பவும் எல்லாத்தையும் கூட்டி வைச்சிடுவியள்."

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. கால் பெருவிரலால் மண்ணைக் கிண்டிக்கொண்டு, பன்னத்தைப் பார்த்தபடி, மிகச் சின்னக் குரலில் சொன்னார்.

"போகாதையும்."

"உதை முதலே சொல்லியிருந்தா," என்றேன் நான், "ஒரு மரை தப்பியிருக்கும்."